முக்கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கிய புல்வெட்டி டிராக்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் நடுப்பகுதி. ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, ஒன்றே முக்கால் ஏக்கரில் ஒரு வீடு. பிப்ரவரியில் அதை வாங்கியவர்கள் முப்பதுகளில் இருக்கும் ஒரு தமிழ்த் தம்பதி. அதுவரை அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தவர்கள். புல் வெட்டுவது அவர்களுக்குப் புது வேலை. முந்தைய உரிமையாளர் வீட்டோடு சேர்த்துத் தன் பழைய ரைடிங் மோவரையும், அதாவது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி டிராக்டரையும், கொடுத்துவிட்டுப் போயிருந்தார். 42 அங்குல வெட்டுத்தட்டு, ஒற்றை சிலிண்டர் எஞ்சின், கால் பெடலால் ஓட்டும் ஹைட்ரோஸ்டாடிக் டிரான்ஸ்மிஷன் (ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்ற வைக்கும் பெட்டி). மணிமீட்டர் 412 மணி நேரம் காட்டியது. எஞ்சின் ஆயில் மாற்றியதற்கும் பிளேடு தீட்டியதற்கும் ரசீதுகள் இருந்தன. டிரான்ஸ்மிஷனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த ரகப் பெட்டிகள் பலவற்றை 'ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆயிலை வடிக்க அடியில் ஒரு திருகுகூட இருக்காது. யாருடைய ஆயுள் என்பதை மட்டும் சொல்வதில்லை.

நான் வார இறுதிகளில் சிறு எஞ்சின் வேலைகள் பார்ப்பவன். அந்தத் தம்பி என்னைக் கூப்பிட்டது மே மாத நடுவில். டிராக்டர் எந்தக் கம்பெனியுடையது என்பதையும், அவர் முதலில் போன பழுதுபார்ப்புக் கடை எது என்பதையும் இங்கே எழுதவில்லை. இதே கோளாறை வேறு வேறு நிறத்து டிராக்டர்களிலும் பார்த்திருக்கிறேன்.

புகார்

"அண்ணா, எடுத்த உடனே நல்லாத்தான் போகுது. ஒரு முக்கால் மணி நேரம் ஆச்சுன்னா மேட்டுல ஏற மாட்டேங்குது. பெடலை அடி வரைக்கும் மிதிச்சாலும் அப்படியே நின்னு முனகுது. நிழல்ல நிறுத்திட்டு சாப்பிட்டு வந்தா மறுபடி ஓடுது."

கேட்டவுடனே பாதி விஷயம் புரிந்துவிட்டது. ஆறினால் ஓடுகிறது, சூடானால் நிற்கிறது. கடையில் வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியையே மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தொகை டிராக்டரின் அன்றைய விலையைவிட அதிகம். கடைக்காரர் சொன்னது முழுத் தப்பு என்று நான் நினைக்கவில்லை; அந்தப் பெட்டி தேய்ந்துதான் இருந்தது, பின்னால் தெரிந்தது. ஆனால் மேல்மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் எழுதிய சீட்டு அது.

அந்தப் பெட்டிக்குள் நடப்பது

எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் வந்து பெட்டியின் தலையில் உள்ள புல்லியைச் சுற்றுகிறது. அந்தப் புல்லியின் தண்டு உள்ளே ஒரு பிஸ்டன் பம்ப்பைச் சுழற்றுகிறது. பெடலை மிதிக்கும்போது பிஸ்டன்களின் முனை உரசும் ஒரு தட்டு சாய்கிறது. சாய்வு கூடக் கூடப் பிஸ்டன்கள் அதிக ஆயிலைத் தள்ளுகின்றன. அந்த ஆயில் பக்கத்தில் இருக்கும் ஹைட்ராலிக் மோட்டாரைச் சுழற்ற, அங்கிருந்து பல்சக்கரங்கள், டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு), பின் அச்சு என்று போகிறது. தட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி பின்னால் போகும். கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றும் வேலை கிடையாது.

ஆக, சக்கரத்தைச் சுற்ற வைப்பது ஆயில்தான். உரசும் இடங்களில் வழுக்கலாக இருப்பதும், உள்ளே பிறக்கும் சூட்டை அலுமினிய உறைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதே ஆயில். உறையின் மேல் வரிவரியாக ஃபின்கள், சூட்டைக் காற்றில் விடும் மெல்லிய தகடுகள். புல்லிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் ஃபேன், அவற்றின் மேல் காற்றடிக்கிறது.

பிஸ்டனுக்கும் அதன் துளைக்கும் நடுவில் முடியிழையைவிட மெல்லிய இடைவெளி இருக்கிறது. ஆயில் கெட்டியாக இருக்கும்வரை அது தாங்கும். சூட்டில் இளகிவிட்டால் அழுத்தம் அந்த இடைவெளி வழியே பின்வாங்கிவிடும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. பெட்டிக்குள்ளேயே கசிந்து பெட்டிக்குள்ளேயே விழும். அப்படிக் கசிகிற ஆயில் வேலை எதுவும் செய்யாமல் சூட்டை மட்டும் கூட்டுகிறது. சூடு கூடினால் ஆயில் இன்னும் இளகும், இன்னும் கசியும். முக்கால் மணி நேரம் என்பது இந்தச் சுற்று முற்றுவதற்கு ஆன நேரம்.

முதல் நாள்: பார்த்தது

எளிதானவற்றிலிருந்து தொடங்கினேன். டிராக்டரின் பின்பக்கம் ஃப்ரீவீல் லீவர் ஒன்று இருக்கும். எஞ்சின் ஓடாதபோது வண்டியைத் தள்ள அதை இழுத்துவிடுவார்கள். அது பாதியில் நின்றிருந்தாலும் இதே அறிகுறி வரும். முழுதாக உள்ளே போயிருந்தது. பார்க்கிங் பிரேக் உரசுகிறதா? பின்பக்கத்தைத் தூக்கி, ஃப்ரீவீல் லீவரை இழுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன், தடையில்லை. டயர் காற்று சரி.

அடுத்த கேள்வி: வழுக்குவது பெல்ட்டா, உள்ளே ஆயிலா? பெல்ட் வழுக்கினால் புல்லியும் அதன் மேல் உள்ள ஃபேனும் தடுமாறும். ஓடும் வண்டியின் அடியில் தலையை விட்டுப் பார்க்க முடியாது, கூடாது. தம்பியின் பழைய போன் ஒன்றை வீடியோ எடுக்க விட்டு, பின் மட்கார்டின் உட்பக்கத்தில் அழுத்தமாக டேப் போட்டு ஒட்டினோம். மேட்டில் வண்டி நின்றுபோன நொடியிலும் ஃபேன் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பெல்ட் பளபளவென்று இறுகிப்போய், மாற்ற வேண்டிய நிலையில்தான் இருந்தது. ஆனால் வண்டி நிற்பதற்குக் காரணம் அது இல்லை.

அந்த வீடியோவில் வேறொன்றும் தெரிந்தது. ஃபேனில் மூன்று இறக்கைகளைக் காணோம்.

அளவுகளையும் எடுத்துக்கொண்டோம். மேட்டின் சாய்வு போன் செயலியில் 11 டிகிரி. பெரும்பாலான கையேடுகள் சொல்லும் உச்ச வரம்பு 15 டிகிரி, ஆகவே சரிவு வரம்புக்குள்தான். இரண்டு மரங்களுக்கு நடுவில் 120 அடி தூரத்தை அடையாளம் வைத்து, பிளேடு ஓட ஏறச் சொன்னேன். ஆறிய நிலையில் 24 விநாடி. 40 நிமிடம் வெட்டிய பிறகு 58 விநாடி. அதற்கடுத்த முறை பாதி மேட்டில் நின்றுவிட்டது.

சூட்டை அளக்க அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி. இங்கே ஒரு சின்ன விஷயம்: பளபளக்கும் அலுமினியத்தில் அதை நேராகக் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். உறையின் பின்புறம் நாணய அளவுக்குத் துடைத்து, சூடு தாங்கும் மங்கலான கறுப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்தேன். இனி எல்லா அளவும் அந்தப் பொட்டில்தான். அன்று வண்டி நின்ற நேரத்தில் அது 238 பாரன்ஹீட், அதாவது 114 செல்சியஸ். வெளியே 82 பாரன்ஹீட்.

முதல் முடிவு: திறக்காமல் சுத்தம்

பெட்டியை உடனே இறக்கிவிடலாமா என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. அது எனக்கு முக்கியம். அவருக்கு வார இறுதிக்குள் புல் வெட்டி முடித்தால் போதும். கடைசியில் ஒத்துக்கொண்டார்.

சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி, பேட்டரியின் நெகடிவ் முனையையும் விலக்கினோம். இந்த மாடலில் பேட்டரி இருக்கைக்கு அடியில். பேட்டரியையும் அதன் தட்டையும் எடுத்துவிட்டால் பெட்டியின் தலை நேராகக் கண்ணில் படும்.

படவில்லை. அங்கே பெட்டி இருப்பதாகவே தெரியவில்லை. மேலே போன வாரத்துப் பச்சைப் புல். அதன் கீழே பைன் மர ஊசியிலைகள் செம்மண் தூசியோடு பிசைந்து, பாய் முடைந்ததுபோல் படிந்திருந்தன. அதற்கும் கீழே, ஃபின்களுக்கு நடுவில், கறுப்பாக, கம்பளித் துணி போல ஒரு படலம். நகத்தால் கீறினால் வரவில்லை. ஐஸ்கிரீம் குச்சியை நுழைத்து நெம்பியபோது ஃபின்களின் அச்சு பதிந்த துண்டாகக் கழன்று வந்தது. முகர்ந்தால் வாணலியில் காய்ந்து போன எண்ணெய் வாடை. ஐந்து காலன் வாளியில் பாதிக்கு மேல் நிரம்பியது.

தம்பி பிரஷர் வாஷரைக் கொண்டுவந்துவிட்டார். அதைத் திருப்பி அனுப்பினேன். அந்த வேகத்தில் தண்ணீர் அடித்தால், தண்டைச் சுற்றி ஆயில் ஒழுகாமல் தடுக்கும் சீலின் உதட்டைத் தாண்டி உள்ளே போகும். மூச்சுத்துளை உள்ள ஆயில் மூடி வழியாகவும் போகும். குச்சி, பழைய பல் தேய்க்கும் பிரஷ், வாக்குவம், கடைசியில் மிதமான அழுத்தத்தில் காற்று. இவ்வளவுதான். இரண்டரை மணி நேரம் ஆனது. அதிகம் அலுப்புத் தட்டிய வேலையும் இதுதான், அதிகம் பலன் கொடுத்த வேலையும் இதுதான்.

கறுப்புப் படலத்தில் எண்ணெய் இருந்தது என்னைக் கொஞ்சம் உறுத்தியது. சீல் ஒழுகுகிறதா? துடைத்து முடித்த இடங்களில் குழந்தைகளுக்குப் போடும் முகப்பவுடரைத் தூவினோம். ஒழுகல் இருந்தால் பவுடரில் ஈரக்கோடு விழும். இரண்டு முறை புல் வெட்டிய பிறகு பார்த்தால், ஆயில் மூடியைச் சுற்றி மட்டும் லேசான ஈரம். சீல்களைச் சுற்றி ஈரமில்லை. சூட்டில் விரிந்த ஆயில் மூச்சுத்துளை வழியே எட்டிப் பார்த்திருக்கிறது.

புது ஃபேனும் பெல்ட்டும் வந்ததும் போட்டோம். பெல்ட்டையும் தனியாகச் சோதித்திருக்க வேண்டும்; ஆனால் ஃபேனுக்காக அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும், கழற்றியதைத் திரும்ப மாட்ட மனம் வரவில்லை.

பலன்: 40 நிமிடத்தில் பொட்டின் சூடு 205 பாரன்ஹீட், 96 செல்சியஸ். மேடு ஏற 41 விநாடி. ஒரு மணி நேரம் தாண்டியும் நிற்கவில்லை, ஆனால் திணறியது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கேட்கத் தவறிய கேள்வி

இந்தக் கட்டத்தில்தான், தேநீர் குடித்துக்கொண்டு பேசும்போது, தம்பியின் மனைவி சொன்னார்: "மார்ச்ல இவர் ஜல்லி இழுத்தாரே, அப்பவே இது கத்த ஆரம்பிச்சிடுச்சு."

விசாரித்தால், வாசல் பாதைக்கு ஒரு லாரி ஜல்லி வாங்கியிருக்கிறார்கள். லாரிக்காரர் சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போய்விட்டார். அதை மேட்டுக்கு மேலே கொண்டுபோக, டிராக்டரின் பின்னால் ஒரு சின்ன டிரெய்லரை மாட்டி, இரண்டு வார இறுதிகள், நாள் முழுக்க இழுத்திருக்கிறார். ஏற்கெனவே புல் அடைத்து மூச்சுவிட முடியாமல் இருந்த பெட்டியை வைத்து.

இந்த அளவு டிராக்டர்களின் டிரான்ஸ்மிஷன் புல் வெட்டுவதற்காகச் செய்தது. டிரெய்லர் கொக்கி இருக்கும், இழுக்கவும் செய்யும். ஆனால் சமதளத்தில் காய்ந்த இலைகளை இழுப்பதற்கும் 11 டிகிரி மேட்டில் ஜல்லி இழுப்பதற்கும் நிறைய வித்தியாசம். நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். என் கேள்விகள் எல்லாம் புல் வெட்டுவதைப் பற்றியே இருந்தன. அவரும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

இது தெரிந்ததும் கணிப்பு மாறியது. உள்ளே தேய்மானம் இருக்கும், ஆயிலும் கருகியிருக்கும். சுத்தம் செய்தது இனிமேல் வரும் கேட்டைக் குறைக்கும், வந்த கேட்டைத் திருப்பாது.

இரண்டாவது முடிவு: இறக்கி ஆயில் மாற்றுவது, ஆனால் பிளக்காமல்

ஜூன் முதல் வாரம். மூன்று வழிகள் இருந்தன. அப்படியே ஓட்டுவது. பெட்டியை இறக்கி ஆயில் மட்டும் மாற்றுவது. இறக்கி, உறையைப் பிளந்து, பம்ப்பையும் மோட்டாரையும் பார்ப்பது. மூன்றாவதுதான் முழுமையானது. ஆனால் உள்ளே உள்ள பிஸ்டன்களும் ஸ்பிரிங்குகளும் தூசி பொறுக்காதவை. இரண்டு பாதிகளையும் சீலன்ட் போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டியது ஒழுகினால் மறுபடி முதலிலிருந்து. தம்பியின் கராஜ் அதற்குத் தோதான இடமில்லை. உள்ளே தேய்ந்திருந்தால் பாகம் வாங்கும் செலவு பழைய டிராக்டர் ஒன்றின் விலையை நெருங்கும். எனவே ஆயிலைப் பார்த்துவிட்டுத் தீர்மானிப்போம்: செதில் செதிலாக உலோகம் வந்தால் பிளப்பதா விடுவதா என்று யோசிக்கலாம், வராவிட்டால் ஆயில் மட்டும் என்று முடிவு செய்தோம்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் சட்டத்தை இரண்டு ஸ்டாண்டில் ஏற்றினோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவில்லை. பின் சக்கரங்களை அச்சில் ஒரு கிளிப்பும் வாஷரும்தான் பிடித்திருக்கின்றன. அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நீளமான ஒரு சதுரக் கீ, இரண்டையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் உலோகத் துண்டு. இடது சக்கரம் கழன்றது. வலது சக்கரம் துருவில் ஒட்டிக்கொண்டு, துரு இளக்கும் ஆயில் அடித்து ஒரு ராத்திரி விட்ட பிறகே அசைந்தது. பெடல் கம்பி, பிரேக் கம்பி, ஃப்ரீவீல் கம்பி, பெட்டி முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்கும் பட்டை, பெல்ட், போல்ட்டுகள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். ஜாக்கியின் மேல் ஒரு பலகை வைத்துப் பெட்டியை இறக்கியாயிற்று. ஓர் ஆளால் தூக்கக்கூடிய கனம்தான்.

ஆயில் மூடியைச் சுற்றி மறுபடி ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் திறந்தோம். வடிகால் இல்லாததால் பெட்டியையே கவிழ்த்து, இரவு முழுக்கத் தட்டில் வடிய விட்டோம். காலையில் இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகம். நிறம் கறுப்பு, சாய்த்துப் பார்த்தால் சாம்பல் நிற மினுமினுப்பு. காபி வடிகட்டும் தாளில் ஊற்றியபோது செதில் எதுவும் நிற்கவில்லை. காந்தத்தைத் தட்டின் அடியில் நகர்த்தினால் பூனை முடி போல மெல்லிய உலோகத் தூசி நகர்ந்தது. தேய்மானம் உண்டு, உடைசல் இல்லை. பிளக்கவில்லை.

புது ஆயில், கையேடு சொன்னபடி 5டபிள்யூ-50 முழு சிந்தெடிக். கராஜில் கிடந்த 10டபிள்யூ-30ஐ ஊற்றினால் என்ன என்று தம்பி கேட்டார். வேறு சில பெட்டிகளுக்கு அதையே சொல்கிறார்கள், இதற்கு இல்லை. பெயரின் கடைசி எண்தான் சூட்டில் ஆயிலின் கிரேடு. எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) தரவரையறைப்படி 100 செல்சியஸில் 30 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் இருக்கும். 50 கிரேடுக்கு அது 16.3 முதல் 21.9 வரை. நம் பெட்டி ஓடும் சூடு கிட்டத்தட்ட அந்த 100 செல்சியஸ்தான். தேய்ந்த பிஸ்டனுக்கு அந்த வித்தியாசம் மேடு ஏறுவதா நிற்பதா என்ற வித்தியாசம்.

கழிவு ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி, வாகன உதிரிபாகக் கடையில் கொடுத்தோம், இலவசமாக வாங்கிக்கொள்கிறார்கள். வட கரோலினாவில் அதைக் குப்பையில் போடச் சட்டத்தில் இடமில்லை. ஒரு தடவை ஆயில் மாற்றும்போது வரும் கழிவு பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. தம்பியின் வீட்டில் குடிக்கிறது கிணற்றுத் தண்ணீர்.

மாட்டும்போது செய்த இரண்டு தப்பு

பெட்டியை ஏற்றி எல்லாவற்றையும் மாட்டினோம். சக்கரத் துளைகளில் துருவைத் தேய்த்து எடுத்து கிரீஸ் தடவினோம், அடுத்த தடவை ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டாம் என்று.

பிறகு காற்று நீக்குவது. பின் சக்கரங்கள் தரையில் படாமல் ஸ்டாண்டிலேயே இருக்க, ஃப்ரீவீல் லீவரை இழுத்துவிட்டு, எஞ்சினை மெதுவாக ஓட விட்டு, பெடலை முன்னும் பின்னும் மெல்ல ஆறு தடவை. அப்புறம் லீவரை உள்ளே தள்ளி மறுபடி ஆறு தடவை. முதலில் பெட்டி சோடா பாட்டில் போலக் குமுறியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது. நிறுத்திப் பார்த்தால் ஆயில் மட்டம் இறங்கியிருந்தது. நிரப்பி, இன்னொரு சுற்று. சக்கரங்கள் இரண்டும் அழகாகச் சுற்றின.

கீழே இறக்கி ஓட்டினால் வண்டி அசையவே இல்லை. எஞ்சின் ஓடுகிறது, பெடல் மிதிபடுகிறது, ஓர் அங்குலம் நகரவில்லை. தம்பி என்னைப் பார்க்கிறார். நான் பெட்டியைப் பார்க்கிறேன். கொன்றுவிட்டோம் என்றே நினைத்தேன். மறுபடி காற்று நீக்கினோம், லீவரைப் பார்த்தோம், பெல்ட்டைப் பார்த்தோம். இருபது நிமிடம் போனது. கடைசியில் தரையில் விரித்திருந்த அட்டையை மடிக்கக் குனிந்த தம்பியின் மனைவி, "இது எதோட துண்டு?" என்று நீட்டினார். வலது சக்கரத்தின் சதுரக் கீ.

கீ இல்லாத அச்சு சக்கரத் துளைக்குள் சும்மா சுற்றுகிறது. டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கம் சுழற்சியைத் திருப்பிவிடும். இடது சக்கரம் சரியாக மாட்டியிருந்தும் பயனில்லை. ஸ்டாண்டில் இருந்தபோது தெரியாமல் போனதற்குக் காரணம் நாங்கள் தடவிய கிரீஸ். காற்றில் தொங்கும் சக்கரத்தைச் சுற்ற அந்த ஒட்டுதலே போதும்.

இரண்டாவது தப்பு இதைவிட ஆபத்தானது. கீயைப் போட்டு ஓட்டியபோது, பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி நத்தை வேகத்தில் முன்னால் ஊர்ந்தது. பெடல் கம்பியை மாட்டும்போது அதன் முனைத் திருகு இரண்டு சுற்று மாறியிருந்தது. சாய்தட்டு நடுநிலைக்குத் திரும்பவில்லை. எடுத்திருந்த படத்தில் திருகு எத்தனை மரை வெளியே நின்றது என்று தெரிந்தது, அதன்படி வைத்ததும் ஊர்வது நின்றது. சமதளத்தில், பிளேடு ஓடாத நேரத்தில் இதைக் கண்டது அதிர்ஷ்டம்.

பின்னர் நடந்தது

ஜூன் இரண்டாவது வாரம், வெளியே 85 பாரன்ஹீட். 40 நிமிடத்தில் பொட்டின் சூடு 190 பாரன்ஹீட், 88 செல்சியஸ். அதே 120 அடி மேடு 31 விநாடி. ஆறிய வண்டியின் 24 விநாடியை எட்டவில்லை. ஒன்றரை மணி நேரக் கடைசியில் 36 வரை போகிறது. அந்த இடைவெளிதான் ஜல்லி இழுத்ததன் மிச்சம் என்பது என் கணிப்பு. ஆயில் எத்தனை மாற்றினாலும் தேய்ந்த பிஸ்டன் பருக்காது.

மீதியை ஓட்டும் முறையில் சரிக்கட்டினோம். முன்பு வாசலில் தொடங்கி, சமதளத்தை முடித்து, கடைசியில் மேட்டுக்குப் போவார். இப்போது பெட்டி ஆறியிருக்கும்போதே மேட்டை முடித்துவிடுகிறார். மேட்டில் குறுக்காக ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டுவது முன்பே வழக்கம். ரைடிங் மோவர் கவிழாமல் இருக்க அதுதான் முறை. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே ஃபெஸ்க்யூ புல் வெறித்தனமாக வளரும்போது, பத்து நாள் விட்டு ஒரேயடியாக வெட்டாமல் வாரம் ஒருமுறை வெட்டுகிறார். வெட்டி முடித்து, வண்டி ஆறிய பிறகு, இலை ஊதும் பிளோயரை இருக்கைக்கு அடியில் இரண்டு நிமிடம் காட்டுகிறார். பேட்டரியை எடுத்துப் பார்த்து ஃபின்களைத் துடைப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

செப்டம்பரில் நான் போனபோது ஃபின்களுக்கு நடுவில் பத்து, பதினைந்து பைன் ஊசிகள் இருந்தன, அவ்வளவுதான்.

மறுபடி செய்வதானால்

முதல் கேள்வி மாறும். 'என்ன கோளாறு' என்பதற்கு முன்னால் 'இதை வைத்து என்னவெல்லாம் செய்தீர்கள்' என்று கேட்பேன், வீட்டில் உள்ள எல்லாரிடமும். ஓட்டுபவர் சொல்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொல்லிவிடுகிறார்.

பெட்டி வெளியே இருந்தபோதே வடிகால் திருகு ஒன்றைப் பொருத்தியிருக்கலாமா என்று யோசித்தேன். சிலர் செய்கிறார்கள். துளையிட்ட உலோகத் துகள் உள்ளே போகும் என்ற பயத்தில் நான் செய்யவில்லை; இப்போதும் செய்ய மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த டிராக்டர் புதிதாகவோ குறைந்த மணி நேரத்தோடோ இருந்தால், 'ஆயுளுக்கும் வேண்டாம்' என்பதை நம்பி 400 மணி வரை காத்திருக்க விடமாட்டேன். 200 மணியை ஒட்டி ஒருமுறை இறக்கச் சொல்வேன். இது கையேட்டில் இல்லாத, என் சொந்தக் கணக்கு.

சிறு பாகங்களுக்குக் காந்தத் தட்டு ஒன்று வாங்கிவிட்டேன். ஸ்டாண்டிலிருந்து இறக்கும் முன், எஞ்சினை நிறுத்தி, ஃப்ரீவீல் லீவரை உள்ளே தள்ளிவிட்டு, இரண்டு சக்கரங்களையும் கையால் பிடித்து ஒரே திசையில் சேர்த்துத் திருகிப் பார்க்கிறேன். கீ இருந்தால் இரண்டும் சேர்ந்து அப்படித் திரும்பாமல் அடம்பிடிக்கும்.

அடுத்த வசந்தத்தில் தம்பிக்கு மறுபடி ஜல்லி தேவைப்பட்டது. இந்த முறை லாரி மேட்டின் தலையிலேயே கொட்டிவிட்டுப் போயிற்று. மீதியைத் தள்ளுவண்டியில் வைத்து அவரும் மனைவியும் இறக்கத்தில் கொண்டுவந்தார்கள். டிராக்டரின் இருக்கையைத் தூக்கினால் அடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தேதி, வெளிச் சூடு, பொட்டின் சூடு என்று அவர் கையெழுத்தில் மூன்று வரிசை. மே மாதக் கடைசி வரி: வெளியே 81, பொட்டு 188.